ஆற வைத்த மீன்

அத்தான் சமைக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அப்போதும் சிரிப்புதான் வந்தது. தண்ணீர் கொதித்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லக்கூட இன்னொரு ஆளைக் கூப்பிடுகிற மனிதர் அவர். என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் சமையலறைக்குள் கால் வைத்ததெல்லாம் பல்ப் மாற்றத்தான். அதற்கும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது அக்காதான்.

விஷயம் இதுதான். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம், அக்கா எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கைப்பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான். கொஞ்ச நாள் இருக்கலாம்னு," என்றாள். சண்டையா? இல்லை. கையை நீட்டினாரா? "சீ, அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல." அதற்குமேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. அத்தான் வந்து வந்து கூப்பிட்டுப் பார்த்தார். கடைசியாக வந்தபோது என் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "நான் என்னதான் செய்யணும், அதையாவது சொல்லு," என்றார். அக்கா சொன்னாள். ஒரு வேளை அவர் தன் கையாலேயே அவளுக்குச் சமைத்துப் போட வேண்டும். யாரும் உதவக் கூடாது. கடையில் வாங்கி வந்து தட்டில் மாற்றி வைக்கிற வேலை கூடாது. சாப்பிட்டு முடித்ததும், திரும்பி வருகிறாளா இல்லையா என்று அங்கேயே சொல்லிவிடுவாள்.

அவர் போன பிறகு, "இவரு ஏமாத்த மாட்டாருன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டேன்.

"நீ முன்னாடியே போய் உக்காந்து பாரேன்," என்றாள் அக்கா.

இதைவிட நல்ல வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. நான் சட்டை தைக்கிற கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, பிசிறு, கோணல் தையல், விட்டுப்போன காஜா என்று குறை கண்டுபிடித்து ஓரமாக வீச வேண்டும். குறை சொல்வதற்குச் சம்பளமும் கொடுத்தால் யாருக்குக் கசக்கும்?

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்கா திரும்பிப் போவதில் எனக்குத் துளியும் விருப்பமில்லை. எனக்கும் கல்யாணம் என்று ஒன்று நடந்தது, நடந்த வேகத்திலேயே முடிந்தும் போனது. அதற்குப் பிறகு பல வருஷம் பூட்டைத் திறந்து இருட்டுக்குள் நுழைந்து பழகியவள் நான். இந்த ஐந்து மாதமாக வேலை விட்டு வந்தால் வீட்டில் விளக்கு எரிகிறது. மாடிப்படியிலேயே தாளிக்கிற வாசனை வருகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால், அடுப்பிலிருந்து நேராக என் தட்டுக்கு வருகிறது. என் கன்னத்தில் சதை போட்டிருப்பதாகக் கம்பெனியில் எல்லோரும் சொன்னார்கள். அதை ஒரு மீன் துண்டைக் காட்டி இந்த மனிதர் தட்டிப் பறிக்கப் பார்த்தால் நான் விட்டுவிடுவேனா?

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தான் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரை அதட்டியே காலம் தள்ளினவர். அந்தக் கால் இன்னும் அடங்கவில்லை. வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, யாராவது அவருக்குப் பிடிக்காததைப் பேசினால் வலது கால் தரையை அழுத்தும். அதனால் எங்கள் குடும்பத்தில் அவருக்கு 'பிரேக்கு' என்று பெயர். அவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியாத எத்தனையோ விஷயங்களில் அதுவும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விட்டேன். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றால், கதவைத் திறந்தவர் பேண்ட், பெல்ட், இன் பண்ணிய சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறார். அதன்மேல் அக்காவின் ஏப்ரன். நாடாவைப் பின்னால் கட்டத் தெரியாமல் வயிற்றின்மேல் குறுக்காக இழுத்து முடிச்சுப் போட்டிருந்தார். அடுப்புக்கு முன்னால் சீட் பெல்ட் போட்ட ஒரே ஆள் உலகத்திலேயே இவராகத்தான் இருப்பார்.

"வா, செக்கிங். அந்த நாற்காலியில உக்காரு. வாயைத் தொறக்கக் கூடாது."

"உதவி செய்யக் கூடாதுன்னுதான் அக்கா சொன்னா அத்தான். வாயைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஐந்து மாதம் ஆண்பிள்ளை தனியாக இருந்த வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஜன்னல் விளிம்பில் காலி ஜாம் பாட்டில்கள் அணிவகுத்து நின்றன. பிரெட்டும் ஜாமும் தின்றே ஒரு மனிதர் உயிரோடு இருந்திருக்கிறார். சமையல் மேடையை மட்டும் அன்றைக்குத் துடைத்திருந்தார். துடைத்த துணியை அதன்மேலேயே விட்டிருந்தார்.

"என்ன அயிட்டம் செய்யப் போறீங்க?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மூலிகை மீன். முள் எடுத்த துண்டை மூலிகையோட சட்டியில வாட்டி, ஆற வெச்சு, ஃப்ரிட்ஜுல வெச்சு, சில்லுனு பரிமாறணும்."

"மூலிகையா? ஏன், மீனுக்கு இருமலா?"

வலது கால் தரையை அழுத்தியது. மேடையில் கொத்தமல்லி, புதினா, பேர் தெரியாத இன்னொரு சுருட்டை இலை, ஒரு எலுமிச்சம்பழம், மிளகு. பக்கத்தில் மீன் ஆறு துண்டு, ஒரு பக்கம் தோலோடு. எண்ணெய் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில் யாரோ ஒரு தாடிக்காரன் சத்தமில்லாமல் மீன் வாட்டிக்கொண்டிருந்தான். அவனையே பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

"மூணு பேருக்கு ஆறு துண்டு எதுக்கு?"

"ஸ்டெப்னி. பஞ்சர் ஆகாதுன்னு நம்பி எவனாவது வண்டி எடுப்பானா?"

"சரி, அது என்ன சில்லுனு மீனு? சூடா சாப்பிட்டாத்தானே மீனு?"

அவர் முகத்தில் ஒரு பூரிப்பு வந்தது பாருங்கள், அதைக் கண்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுக்கு ஒரு காரணம் இருக்கு. உங்க அக்கா வரட்டும், அவ முன்னாடி சொல்றேன்," என்றார். காரணம் எனக்குத் தெரியாதாக்கும்! காலையிலேயே செய்து முடித்து உள்ளே வைத்துவிட்டால், சாப்பிடும் நேரத்தில் வியர்க்காமல் ராஜா மாதிரி உட்கார்ந்துகொள்ளலாம். சமைப்பதிலும் உட்கார்ந்து தின்ன வழி தேடுகிற ஜென்மம்.

வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு துண்டையும் காகிதத் துண்டால் ஒற்றி ஈரம் எடுத்தார். விண்ட்ஷீல்டைத் துடைக்கிற மாதிரி இடமிருந்து வலம், வலமிருந்து இடம். உப்புப் போட்டு வைத்தார். உப்பு இழுத்த தண்ணீரை மறுபடியும் ஒற்றினார். இதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆகவே எனக்குப் பொழுது போகவில்லை. அப்புறம் இலைகளை நறுக்கத் தொடங்கினார். அப்பாடா என்றிருந்தது. கத்தியைப் பிடித்த பிடியைப் பார்த்தால் கியர் போடுகிறாரோ என்று தோன்றியது. புதினா நசுங்கிக் கறுத்தது. கொத்தமல்லி பாதி கீழே போனது.

"தரைக்கும் இருமலா அத்தான்?"

"உன் வேலை பாக்கறது. பாரு."

இரும்புச் சட்டி புகை விடுகிற வரைக்கும் காய்ந்தது. எண்ணெய் ஊற்றி, முதல் துண்டைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி போட்டார். சுர்ரென்று ஒரு சத்தம். எண்ணெய் தெறித்ததும், இத்தனை வருஷம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் பயமில்லாமல் உட்கார்ந்திருந்த வீரர் ஒரே தாவலில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு திரும்பப் போனார்.

அவருடைய கஷ்டமே சும்மா இருப்பதுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மீனைச் சட்டியில் போட்டால் தொடாமல் விட வேண்டும். தோல் மொறுமொறுவென்று ஆனதும் தானாகவே சட்டியை விட்டுவிடும். அதற்கு முன்னால் கரண்டியை விட்டால் ஒட்டிக்கொள்ளும். தாடிக்காரனும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றான். ஆனால் அடுத்தவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார அத்தானுக்கு வருமா? ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். விட்டார். மறுபடி தூக்கினார். இந்தப் பக்கம் நகர்த்தினார். கடைசியில் தட்டைக் கரண்டியை அடியில் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். தோல் சட்டியோடு நின்றுவிட்டது, சதை மட்டும் பிய்ந்து வந்தது.

"ஒண்ணு போச்சு," என்றேன்.

"எண்ணத் தெரியும் எனக்கு."

இரண்டாவது துண்டில் இலைகளை முதலிலேயே அப்பி, அந்தப் பக்கத்தையே சட்டியில் போட்டார். எல்லாம் கருகி, வீடு முழுக்கப் புகை. எனக்கு இருமல் வந்தது, அவருக்கும் வந்தது. மூலிகை தன் வேலையைக் காட்டிவிட்டது என்று சொன்னேன். என் மனசு குளுகுளுவென்று இருந்தது. அக்காவின் துணிமணிகள் என் அலமாரியிலேயே இருக்கப் போகின்றன. ஜன்னலைத் திறந்துவிட்டு, கண்ணெரிச்சல் தாங்காமல் அவர் முகம் கழுவப் போனார்.

தயிரில் வெள்ளரிக்காயைத் துருவிப் போட்டு, எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டு, மீனோடு தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணத்தில் கலந்து வைத்திருந்தார். பக்கத்திலேயே உப்பு டப்பா, மூடி திறந்து. ஒரு கைப்பிடி போதும். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் கை நாற்காலியின் கைப்பிடியை விட்டு எழுந்தது உண்மை. ஆனால் இந்த ஆளைத் தோற்கடிக்க உப்பு வேறு தேவையா என்று நினைத்ததும் எனக்கே கேவலமாக இருந்தது. அவராகவே கவிழ்வார், பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று திரும்பவும் சாய்ந்து உட்கார்ந்தேன்.

முகம் கழுவி வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. சட்டியைத் தேய்த்துக் கழுவி மறுபடி காய வைத்தார். மூன்று துண்டுகளை ஒன்றாகப் போட்டார். ஒரு நிமிஷம் கரண்டியால் அழுத்திப் பிடித்தார். பிறகு கரண்டியை மேடையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். வலது கால் மட்டும் தரையை அமுக்கிய அமுக்கில் செருப்பு கிறீச்சிட்டது. நெற்றி வியர்த்து மூக்கில் சொட்டியது. தொடவில்லை. மீனின் பக்கவாட்டில் வெள்ளை நிறம் கீழேயிருந்து மெல்ல மேலே ஏறியது. நானும் என்னை அறியாமல் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். பிறகு கரண்டியைக் கொடுத்தார். துண்டு வழுக்கிக்கொண்டு தானாக வந்தது. மேல்பக்கம் இலையையும் மிளகையும் எலுமிச்சைத் தோலையும் அழுத்தி, திருப்பிப் போட்டு, இலை பச்சை மாறாமல் ஒரு வாட்டு வாட்டி எடுத்துவிட்டார். மூன்றும் முழுசாக வந்தன. ஒன்றில்கூட விரிசல் இல்லை.

"என்ன செக்கிங், பாஸா?"

"இன்னும் சில்லுனு ஆகலையே," என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

தட்டில் வைத்தால் அடியில் நீர் கோத்து ஊறிவிடும் என்று கம்பித் தட்டில் பரப்பி வைத்தார். ஆவி அடங்குவதற்குள் ஊதினார், விசிறினார், விரலால் தொட்டுப் பார்த்தார். ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். வைத்ததோடு விட்டாரா? பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற ஆள் மாதிரி அங்கேயும் இங்கேயும் நடந்து, கதவைத் திறந்து திறந்து பார்த்தார். மிஞ்சின ஒரு பச்சைத் துண்டும் உள்ளே கிண்ணத்தில் இருந்தது. பிய்ந்ததையும் கருகினதையும் என் கண்ணில் படாதபடி குப்பையில் அடியில் புதைத்தார். நான் பார்த்தேன்.

அக்கா மதியம் வந்தாள். அவளுக்கு என்று ஒரு நடை உண்டு, செருப்புச் சத்தமே வராது. உள்ளே வந்து ஜாம் பாட்டில்களைப் பார்த்தாள், தூசியைப் பார்த்தாள், ஏப்ரனின் முடிச்சைப் பார்த்தாள். கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்தாள். கிளம்பத் தயாராக வந்தவள் அப்படித்தான் உட்காருவாள் என்று எனக்குத் தெம்பு வந்தது.

அத்தான் மூன்று தட்டையும் கொண்டுவந்து வைத்தார். குளிர்ந்த மீன், மேலே பச்சை, ஓரத்தில் வெள்ளை வெளேரென்று தயிர். கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது, சனியன். அக்கா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு விள்ளலைத் தயிரில் தோய்த்துச் சாப்பிட்டாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "நிஜமாவே நல்லா இருக்குங்க. நீங்களேவா செஞ்சீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லவா முடியும்? "அவரேதான்," என்றேன். என் தட்டை நான் தொடவில்லை.

அத்தானுக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. "உப்பு சரியா இருக்கா? காரம்? சில்லுனு இருக்கா?" என்று அடுக்கிக்கொண்டே போனார். பிறகு காலையிலிருந்து வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததை எடுத்து வெளியே விட்டார்.

"எத்தனையோ அயிட்டம் இருக்க, ஏன் இதைப் புடிச்சேன்னு கேளு. உனக்கு மீனு ஆறினாத்தானே புடிக்கும்? இத்தனை வருஷமா நானும் பாக்கறேன், நீ ஒரு நாளாவது சூடா சாப்பிட்டதே இல்ல. நல்லா ஆறி அடங்கினப்புறம்தான் எடுத்துப்ப. நான் எதையுமே கவனிக்கறதில்லைன்னு நினைக்கறியே, நான் எல்லாம் கவனிச்சிருக்கேன்."

அக்காவின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

அடப்பாவி மனுஷா! இந்த வீட்டில் மீன் என்றால் என்ன நடக்கும் என்று நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். இவர் தட்டு முன்னால் உட்கார்ந்து, "இன்னொண்ணு, சூடா," என்று கத்துவார். அக்கா அடுப்பிலிருந்து ஒன்று கொண்டுவந்து போடுவாள். அவள் திரும்புவதற்குள் அடுத்த "இன்னொண்ணு". இவர் கை கழுவி, ஏப்பம் விட்டு, சோபாவில் சாய்ந்த பிறகு, மிஞ்சிக் கிடக்கிற விறைத்த துண்டை அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். அதைப் பார்த்துவிட்டு, என் பெண்டாட்டிக்கு ஆறின மீன்தான் பிடிக்கும் என்று முடிவு கட்டி, அந்த முடிவை மனசுக்குள் வைத்துப் பூட்டி, இன்றைக்குப் பரிசாக எடுத்து நீட்டுகிறார்.

அக்கா விள்ளலைத் தட்டில் வைத்தாள். "எனக்குச் சூடாத்தாங்க புடிக்கும்," என்றாள். சத்தம்கூடப் போடவில்லை.

"அப்ப ஏன் சொல்லல?" என்றார் அத்தான்.

"எப்ப சொல்றது? நீங்க இன்னொண்ணு இன்னொண்ணுன்னு கேட்டுக்கிட்டே இருப்பீங்க. நான் கெளம்பிப் போன அன்னைக்கும் மீனுதான். நான் சாப்பிட உக்காந்தேன். எல்லாத்தையும் முடிச்சு எழுந்துட்டீங்கன்னு நினைச்சேன். இன்னும் ஒண்ணு போடுன்னீங்க. எழுந்து போய் அடுப்பைப் பத்த வெச்சேன். வெச்சு, அப்புறம் அணைச்சேன்."

அவர் கால் அசையவே இல்லை. இதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைக்காது. நான் புகுந்தேன்.

"இது தெரிய இத்தனை வருஷமா அத்தான்? அக்காவுக்குச் சூடா சாப்பிடத்தான் புடிக்கும்னு எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். எங்க வீட்டுல சட்டி இறங்கறதுக்குள்ள கையை விட்டு எடுத்து, ஊதி ஊதித் தின்னுவா. அம்மா கரண்டியாலயே ஒரு அடி போடுவாங்க. கூடப் பொறந்தவளுக்குத் தெரியுது, கூட வாழ்ந்தவருக்குத் தெரியல. கெளம்பு அக்கா, போலாம்."

அத்தான் திரும்பிச் சமையலறைக்குள் போனார். அடுப்புப் பற்ற வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஃப்ரிட்ஜ் கதவு. நான் எழுந்து செருப்பைத் தேடினேன். அக்கா எழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியுமா?"

"பின்ன?"

"அப்ப உன் வீட்டுல அஞ்சு மாசமா நான் எப்ப சாப்பிட்டேன்?"

நான் பதில் சொல்லப் போனேன். வேலை விட்டுக் களைத்து வருகிறேன், நீயாகத்தானே எடுத்துப் போட்டாய், நான் ஒரு நாளும் உன்னை அதட்டவில்லையே என்று வரிசையாக வாயில் வந்து நின்றன. அவள் எப்போது சாப்பிட்டாள்? நான் டிவியைப் போட்ட பிறகு சமையலறையில் ஒரு தட்டுச் சத்தம் கேட்கும். அது கழுவுகிற சத்தமா, சாப்பிடுகிற சத்தமா என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

சமையலறையில் சுர்ரென்றது. கரண்டிச் சத்தம் இல்லை. அத்தான் சட்டியோடு வந்தார், அதன் பிடியை ஏப்ரனைச் சுருட்டிப் பிடித்திருந்தார். கண் சிவந்திருந்தது, அது புகையாகவும் இருக்கலாம். குளிர்ந்த துண்டைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிவிட்டு, பொரிந்துகொண்டிருந்ததை நடுவில் வைத்தார். இலை போட மறந்திருந்தார். ஒரு ஓரம் கருகியும் இருந்தது.

"சூடா இருக்கும், பாத்து," என்றார்.

அக்கா விரலால் பிய்த்தாள், சுட்டதும் உதறினாள், ஊதினாள், வாயில் போட்டு அந்தச் சூட்டைத் தாங்க முடியாமல் வாயைத் திறந்து ஹா ஹா என்றாள். கடைசித் துணுக்கு வரைக்கும் அப்படியே சாப்பிட்டாள். அவர் பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை. சாப்பிட்டு முடித்து அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொண்ணு," என்றாள்.

"இல்லையே. ஸ்டெப்னியும் முடிஞ்சுது."

"அப்ப நாளைக்கு வாங்குங்க."

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. மடியிலிருந்த கைப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அக்கா, உனக்குப் பைத்தியமா? இந்த ஆளு ரெண்டு நாள்ல பழையபடி ஆயிடுவாரு," என்றேன், அவர் எதிரிலேயே.

"அப்படி ஆனா, மறுபடி உன் வீட்டுக்கு வந்துட்டுப் போறேன்," என்றாள் அக்கா. "அவருக்குத் தெரியாமத்தான் இருந்துச்சுடீ. உனக்குத் தெரிஞ்சே இருந்துச்சு."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தலைவலிக்கு மாத்திரை எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு நான் தொடாத என் தட்டை எடுத்துப் போய், மீனை ஒரு டப்பாவில் போட்டு மூடி என் கையில் கொடுத்தாள். "நாளைக்கு என் துணியெல்லாம் எடுத்துட்டு வா. சாப்பாட்டு நேரத்துக்கு வா. அவரு போடுவாரு," என்றாள். அத்தான் அசடு வழியச் சிரித்தார். ஜெயித்தோம் என்றுகூடத் தெரியாத சிரிப்பு அது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

கீழே பஸ் ஸ்டாப்பில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசி வயிற்றைக் கிள்ளியது. டப்பாவைத் திறந்து பார்த்தேன். வேண்டாம் என்று மூடினேன். பிறகு திறந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பார்க்க, விரலாலேயே பிய்த்துத் தின்றேன். மீன் நன்றாகத்தான் இருந்தது. அந்த ஆள் கையால் செய்தது அவ்வளவு நன்றாக இருந்ததை என்னால் பொறுக்கவே முடியவில்லை. முழுவதையும் தின்று முடித்தேன். வீட்டுக்குப் போனால் அடுப்பை நான்தான் பற்ற வைக்க வேண்டும்.